கன்வெர்ட்டரை மாத்தினா குதிரை ஏறுமா?

என் மச்சினன் ஆனைமலைக்காரன். தேங்காய்க்கு நல்ல விலை கிடைத்த ஒரு வருஷம், தோப்புக்கு டிராக்டர் வாங்குவான் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, பழைய ஹோண்டா சிட்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். 2002 மாடல், 1.5 விடெக், 106 குதிரை (ஹார்ஸ்பவர்). எங்களுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான். நாலு கதவு வண்டியெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2003 கடைசியில் அதே பெயரில் வந்த அடுத்த சிட்டிக்கும் 1.5 லிட்டர் இன்ஜின்தான். ஆனால் 77 குதிரை. பழைய விடெக் வைத்திருப்பவர்கள் விற்க மனசு வராமல் இன்னும் பொத்திப் பொத்தி வைத்திருப்பது அதனால்தான். என்னிடமும் ஒன்று இருக்கிறது, 2001 மாடல். ஆகவே என்னை நடுநிலையாளன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஒரு நாள் போன் பண்ணினான்.

"ஏனுங் மாமா, வண்டி மலையே ஏற மாட்டேங்குதுங். ஆழியாறு தாண்டி லோம்ஸ் வியூ போறதுக்குள்ள மூச்சு வாங்குது. பொறத்தால வர்ற லாரிக்காரன் ஆரன் அடிக்கறான்."

"ஆயில் குடிக்குதா மாப்ள?"

"அது குடிக்குமுங். அதுக்கென்ன, ஊத்திக்கறேன். மொதல்ல எத்தனால் பெட்ரோல்தான் காரணம்னு நெனச்சனுங். கடையில என்ன சொல்றாங்கன்னா, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரக் கழட்டிப்போட்டு ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் போட்டா பதினஞ்சு குதிரை ஏறுமாம். போட்டுறட்டுங்களா?"

"ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துட்டு வா. அதுவரைக்கும் யாருக்கும் அட்வான்ஸ் குடுக்காத."

நான் கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டெஸ்ட் பெஞ்சில் வேலை பார்க்கிறேன். தண்ணி பத்தவில்லை என்று வரும் புகாரில் பாதிக்கு மோட்டாரில் ஒன்றும் இருக்காது. கிணற்றுக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கிற ஃபுட் வால்வின் சல்லடையில் பாசி அடைத்திருக்கும். அதைச் சுத்தம் பண்ணினால் தண்ணீர் கொட்டும். நன்றாக இருக்கிற வால்வைக் கழற்றிவிட்டு அடுத்த சைஸ் வால்வு போட்டால், டெஸ்ட் பெஞ்சில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், வாய்க்காலில் தெரியாது. புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கிற பெட்டியான கன்வெர்ட்டரும் அப்படித்தான். அடைத்துக்கொண்டிருந்தால் அதை மாற்றுவது இழந்த குதிரையைத் திருப்பிக் கொண்டுவரும். அடைப்பு இல்லாவிட்டால், மாற்றிக் கிடைக்கும் குதிரையை விடச் செலவழியும் காசு அதிகம். எந்தப் பக்கம் என்று அளந்து பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் அளக்கிறவர்கள் குறைவு, கழற்றுகிறவர்கள்தான் அதிகம்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகரக் கூட்டுக்குள் பீங்கானில் செய்த தேன்கூடு. பொதுவாக ஒரு சதுர அங்குலத்துக்கு 400 துளை. துளைகளின் சுவரில் அலுமினா பூச்சு, அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் மாற்றும். நைட்ரஜன் ஆக்சைடைப் பிரித்து நைட்ரஜனாக வெளியே விடும். 250, 300 டிகிரி சூடு ஏறினால்தான் வேலையே தொடங்கும். ஈய பெட்ரோல் பட்டால் செத்துப்போகும். அதனால்தான் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நாலு பெருநகரங்களில் மட்டும் புது பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கி, ஈயம் இல்லாத பெட்ரோலையும் கூடவே கொண்டுவந்தார்கள். நம் ஊர் அந்த நாலில் இல்லை. 2000 பிப்ரவரியில் ஈய பெட்ரோல் நாடு முழுக்க நின்றது.

ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் என்று விற்பதில் பீங்கானுக்குப் பதில் மெல்லிய உலோகத் தகடு இருக்கும், துளை சதுர அங்குலத்துக்கு 200 அல்லது 100. சுவர் மெலிசு, துளை பெரிசு, புகை சுலபமாகப் போகும். பூச்சு தாங்கும் பரப்பும் அதனாலேயே குறைவு, சுத்திகரிப்பும் குறைவு. விலை மலிவாக இருந்தால் பூச்சில் இருக்கும் உலோகமும் பேருக்குத்தான் இருக்கும்.

சரி, புகை சுலபமாகப் போனால் எத்தனை குதிரை? கடைக்காரர் சொன்ன பதினைந்தை நான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை தன் கொள்ளளவைத் தள்ளுகிறது. 1.5 லிட்டர், 6,800 சுற்று என்றால் நிமிஷத்துக்கு 5,100 லிட்டர், நொடிக்கு 85 லிட்டர். பிஸ்டனுக்கு எதிரே ஒரு பவுண்டு அழுத்தம் (டயருக்குக் காற்று அடிக்கும் அதே பவுண்டுக் கணக்கு, 6,900 பாஸ்கல்) கூடுதலாக நின்றால் அதைத் தள்ள 0.085 பெருக்கல் 6,900, அதாவது 586 வாட். ஒரு குதிரைக்கு 746 வாட். ஆக, ஒரு பவுண்டு எதிரழுத்தத்தின் விலை முக்கால் குதிரைக்குக் கொஞ்சம் மேல். வெளியேறாத பழைய புகை சிலிண்டரில் தங்கிப் புதுக்காற்றின் இடத்தைப் பிடிக்கிறதே, அதையும் சேர்த்துத் தாராளமாக ஒன்றரைக் குதிரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப் பார்த்தாலும் பதினைந்து குதிரை ஏற வேண்டுமானால் பத்து பவுண்டு குறைய வேண்டும். நல்ல நிலையில் இருக்கிற வண்டியின் மொத்தப் புகைக்குழாயிலும் அவ்வளவு அழுத்தம் இருக்காது. இல்லாத அடைப்பை எதைப் போட்டு எடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். ஒரே இன்ஜின், ஒரு வருஷ வித்தியாசம். இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அதைக் கழற்றினால் ஓட்டை தயார். அந்த மரையில் திருகுகிற மாதிரி லேத்தில் ஓர் அடாப்டர் கடைந்து, ஒரு மீட்டர் செம்புக் குழாய் வைத்து, அதன் முனையில் ரப்பர் ஓஸ் போட்டு, அழுத்தம் காட்டும் கேஜை உள்ளே டாஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினேன். செம்புக் குழாய் இல்லாமல் நேராக ஓஸ் மாட்டினால் ஒரு நிமிஷத்தில் உருகிவிடும்.

என் வண்டியில் ஐடிலில் முள் அசைந்ததாகவே தெரியவில்லை. நின்ற இடத்தில் 2,500 சுற்றில் ஒரு பவுண்டுகூட இல்லை. இரண்டாவது கியரில் முழு ஆக்சிலேட்டர், 6,500 சுற்று: நாலு பவுண்டு.

மச்சினன் வண்டியில் ஐடிலிலேயே ஒன்றரை. 2,500-ல் ஐந்து. மூன்றைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. முழு ஆக்சிலேட்டரில் 4,500 சுற்றுக்குள் பத்தைத் தாண்டிவிட்டது, அதற்கு மேல் இன்ஜின் போகவே இல்லை. விடெக்கில் வால்வைத் திறக்கிற கேம் மாறி வண்டி பாய்கிற மேல் சுற்றை அவன் வாங்கின நாளிலிருந்து பார்த்ததே கிடையாது, பாவம். குழாயில் போட வேண்டிய பழியை எத்தனால்மேல் போட்டுக்கொண்டிருந்தான். (எத்தனாலில் பெட்ரோலை விடச் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பது உண்மைதான். இருபது சதவீதம் கலந்தால் மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும். அதற்காக மலை ஏறாமல் நின்றுவிடாது.)

கேஜ் காட்டுவது கன்வெர்ட்டரின் அழுத்தம் மட்டும் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாவற்றுக்கும் சேர்த்து. சைலன்சருக்குள் தகடு உடைந்து குழாயை அடைத்தாலும் முள் இதே மாதிரி ஏறும். அதனால் கன்வெர்ட்டருக்குப் பின்பக்கக் குழாய் இணைப்பை (ஃபிளாஞ்ச்) கழற்றிவிட்டு மறுபடி பார்த்தோம். தெருவே அதிர்ந்தது, முள் இறங்கவில்லை. குற்றவாளி கன்வெர்ட்டர்தான். பேரிங் சூடு பார்க்கிற லேசர் தெர்மாமீட்டரையும் பிடித்துப் பார்த்தேன். வேலை செய்கிற கன்வெர்ட்டரில் உள்ளே நுழையும் பக்கத்தை விட வெளியேறும் பக்கம் சூடாக இருக்கும், ஏனென்றால் மிச்சப் பெட்ரோல் உள்ளேதான் எரிகிறது. என் வண்டியில் அப்படி. அவன் வண்டியில் தலைகீழ்.

அவிழ்த்து எடுத்து ஒரு பக்கம் டார்ச் அடித்தான். மறுபக்கம் வெளிச்சமே வரவில்லை. முன்முகத்தில் தேன்கூடு உருகிக் கட்டியாகியிருந்தது. அந்தப் பீங்கான் உருக 1,400 டிகிரி வேண்டும்.

இங்கேதான் "அது குடிக்குமுங்" என்று அவன் போகிற போக்கில் சொன்னது வருகிறது. இன்ஜின் ஆயிலில் தேய்மானத்துக்காகச் சேர்க்கிற பாஸ்பரசும் துத்தநாகமும் எரிந்து வந்து அலுமினா பூச்சின்மேல் படியும். வேலை செய்கிற உலோகம் மூடிப்போகும். ஆயில் பிளக்கிலும் படியும், ஒரு சிலிண்டர் அவ்வப்போது பத்தாமல் விடும், பத்தாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அப்புறம் உருகாமல் என்ன செய்யும்? இப்போதைய வண்டியாக இருந்தால் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சார் இருந்து, டாஷ்போர்டில் விளக்கு எரிந்திருக்கும். இந்தியாவில் ஓபிடி (கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் இந்த ஏற்பாடு) கட்டாயமானது 2010-ல், அதன் இரண்டாவது கட்டம் 2013-ல். அதற்கு முந்தின வண்டிகளில் பெரும்பாலும் சத்தமில்லாமல் சாகும். மிஸ்ஃபயரையும் ஆயிலையும் சரிபண்ணாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால் புதுசும் இதே வழிதான் போகும், அது ஸ்போர்ட்ஸாக இருந்தாலும் சரி, கம்பெனி ஒரிஜினலாக இருந்தாலும் சரி.

"அப்ப மொதல்ல வால்வ் சீலா மாமா?" என்றான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. வால்வு வழியாக ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கிற ரப்பர் வளையம் அது. வால்வ் சீல் மாற்றினேன் என்று ஊரில் யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது என்பது அவன் கவலை.

சுந்தராபுரத்தில் எங்கள் மெக்கானிக் அண்ணன் சீல் மாற்றி, பிளக் மாற்றி, கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்து, ஆயில் மட்டம் இறங்கவில்லை என்று உறுதியான பிறகுதான் கன்வெர்ட்டரைத் தொட்டார். 400 துளைப் பீங்கான் போதும் என்று நான் சொன்னேன். மச்சினனுக்கு 200 துளை உலோகம்தான் வேண்டும். வண்டி அவனுடையது.

போட்டாயிற்று. மலையில் பறக்கிறது. வாட்ஸ்அப்பில் வால்பாறை நாற்பது வளைவையும் வீடியோவாக அனுப்பினான், எனக்குத் தலை சுற்றியது. "இருவது குதிரை ஏறிருச்சுங் மாமா" என்றான். ஏறியது உண்மை. ஆனால் அவன் ஒப்பிடுவது அடைத்த கன்வெர்ட்டரோடு. ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டருக்கென்று தனியாக என்ன கிடைத்தது என்று பார்க்க, கேஜை மறுபடி மாட்டினேன். இரண்டாவது கியர், 6,500 சுற்று: மூன்று பவுண்டு. என் வண்டியில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிய கம்பெனி கன்வெர்ட்டரோடு நாலு. வித்தியாசம் ஒரு பவுண்டு. மேலே போட்ட கணக்கின்படி முக்கால் குதிரை, மிஞ்சிப்போனால் ஒன்றரை. டைனோவில் (குதிரையை அளக்கிற மேடை) ஒரே வண்டியை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டினாலே அவ்வளவு ஏற்ற இறக்கம் வரும். இரண்டு வண்டிகளையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தேன். அவனுடையதில் சத்தம் கூடுதல், ஓட்டம் அதேதான். சத்தம் கூடினால் வேகமும் கூடின மாதிரி காதுக்குத் தோன்றும். சைலன்சர் வியாபாரம் பாதி நடப்பது அந்த நம்பிக்கையில்தான். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டிய ஊர் இது. இங்கே சைலன்சரைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆளே கிடையாது. கேஜ் வைத்திருக்கிற ஆளைத்தான் தேட வேண்டும்.

குதிரை எங்கே போகிறது என்று கவலைப்படுகிறவர்கள் உயரத்தையும் கொஞ்சம் நினைக்கலாம். டர்போ (புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறி) இல்லாத இன்ஜினுக்கு நூறு மீட்டர் ஏறினால் சுமார் ஒரு சதவீதம் சக்தி போகும். கோயம்புத்தூர் 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். 106 குதிரை வண்டி இங்கிருந்து ஊட்டி போய்ச் சேர்வதற்குள் காற்று மெலிவதாலேயே பதினைந்து குதிரைக்கு மேல் விட்டுவிடும். கடைக்காரர் சொன்ன பதினைந்து உண்மையில் மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் நடுவில்தான் எங்கேயோ கிடக்கிறது.

டர்போ வண்டி என்றால் கதை வேறு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருக்கிற நண்பர் ஒருவர் திருப்பூரில் இருக்கிறார். 1.8 டர்போ, 150 குதிரை. டர்பைன் சுற்றுவது தனக்கு முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசத்தில். பின்னால் அழுத்தம் குறைந்தால் டர்போ சீக்கிரம் விழித்துக்கொள்ளும், பூஸ்ட் (அது திணிக்கிற காற்றழுத்தம்) முன்னாடியே வரும். கூடவே இசியூ மேப்பும் (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கு) மாற்றினால் அங்கே கன்வெர்ட்டருக்குக் கொடுக்கிற காசுக்கு அர்த்தம் உண்டு. அவருக்குக் கிடைத்ததைக் கேட்டுவிட்டு நம் சிட்டிக்கும் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்ப்பதில்தான் வம்பு.

இன்னொரு யோசனையும் ஊரில் உலவுகிறது: கன்வெர்ட்டரே வேண்டாம், கடப்பாரையால் குத்தி உள்ளே இருப்பதை உதிர்த்துவிட்டு வெறும் கூட்டை மாட்டிக்கொள்வது. புகை குழாயிலிருந்து அகலமான காலிக் கூட்டுக்குள் விரிந்து, மறுபடி சுருங்கி வெளியேற வேண்டும். அங்கே சுழல் உண்டாகும். பம்புக்காரனாக எனக்கு அது பார்க்கவே பிடிக்காது. பெட்ரோல் நாற்றம் பின்சீட்டு வரைக்கும் வரும். பியூசி (புகைச் சான்றிதழ்) எடுக்கப் போகிற இடத்தில் கார்பன் மோனாக்சைடு ரீடிங் கேட்டுக்கொண்டு வரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதற்கு எதிராகத்தான் இருக்கிறது.

கழற்றின பழசைப் பற்றி ஒரு வார்த்தை. "அத எங்ககிட்டயே விட்டுட்டுப் போங்க, நாங்களே டிஸ்போஸ் பண்ணிக்கறோம்" என்று முதலில் போன கடையில் மச்சினனிடம் ரொம்பப் பரிவாகச் சொன்னார்களாம். அதற்குள் இருக்கிற ரோடியம் 2021-ல் தங்கத்தை விடப் பல மடங்கு விலைக்குப் போனது. உருகிப்போன கன்வெர்ட்டரிலும் உலோகம் இருக்கத்தான் செய்யும். வீட்டுக்கு எடுத்து வந்து, இரண்டு மூன்று பழைய இரும்புக் கடையில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

தோப்பு வைத்திருக்கிறவர்களுக்கு: மலை ஏறி இறங்கின சூட்டோடு வண்டியைக் காய்ந்த தென்னை ஓலைமேலோ புல்மேலோ நிறுத்தாதீர்கள். கன்வெர்ட்டர் வண்டியின் அடிவயிற்றில்தான் இருக்கிறது, பத்திக்கொள்ளும். மச்சினனுக்கு இதைச் சொன்னபோது, "அடக் கடவுளே, தெனமும் அங்கதானுங் நிறுத்தறேன்" என்றான்.

அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் லேத்துக்காரரிடம் 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் மரை என்று சொன்னால் போதும். பெரும்பாலான கார்களின் ஆக்சிஜன் சென்சாருக்கு அதே மரைதான். கேஜ் ஒரு கிலோவுக்குள் (சுமார் 14 பவுண்டு) இருக்கட்டும், பெரிய கேஜில் முள் அசைவது தெரியாது. சென்சார் துருப்பிடித்து இறுகியிருக்கும், இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது கழற்றுங்கள்.